பர்சேஸ் ஷைஜாவும் இறங்கு ஏலமும்

குலசேகரம் சந்தையில் மீன் விற்கிற பெண்களுக்கு ஷைஜாவைக் கண்டாலே சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். சாளைக்கு விலை கேட்டால் கேட்ட இடத்திலேயே வாங்கிவிட மாட்டாள். இன்னும் இரண்டு பேரிடம் போய்க் கேட்டு, மூன்று விலையையும் மனசுக்குள் அடுக்கிப் பார்த்து, அதன் பிறகுதான் பையைத் திறப்பாள். "வந்தாச்சுட்டி மூணு கொட்டேஷன்" என்று ஒருத்தி குரல் கொடுத்தால் மற்றவர்கள் கொல்லென்று சிரிப்பார்கள். ஷைஜாவும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துக்கொண்டே மூன்றாவது ஆளிடமும் விலை கேட்பாள்.

"என்னைக் கெட்டும்போ மட்டும் இவ மூணு கொட்டேஷன் வாங்கல்ல" என்று அவள் கணவன் ஸ்டெனி வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் சொல்வான்.

"அது ஒத்தை கடையில மட்டும் கிட்டுத சாமானாக்கும். அதுக்கு பர்சேஸ் விதியில தனி எடம் உண்டு" என்பாள் ஷைஜா, அடுக்களையில் இருந்தபடியே.

பிறந்தது கருங்கலில். அப்பா மரச்சீனிக் கிழங்கு மொத்த வியாபாரம். தராசும் பேரமும் பார்த்து வளர்ந்த பிள்ளை. பி.காம். முடித்து, குழித்துறையில் இருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் தினக்கூலித் தட்டச்சராகச் சேர்ந்தாள். கொள்முதல் பிரிவில் ஓர் ஆள் குறைகிறது என்று அங்கே தூக்கிப் போட்டார்கள். மற்றவர்கள் அந்தப் பிரிவை ஏதோ தண்டனை மாதிரி நினைத்தார்கள். இவள் விதிப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தில் இருந்து கதை வாசிப்பதுபோல வாசித்தாள். வாசித்தவளுக்கு அது பிடித்துப்போயிற்று! இப்படியும் ஒரு பிறவி. இன்றைக்கு அவள் அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர். ஆனால் ஊரில் யாரும் அந்த நீளமான பெயரைச் சொல்லமாட்டார்கள். பர்சேஸ் ஷைஜா என்றால்தான் தெரியும்.

இந்தக் கதை தேனீப் பெட்டியில் தொடங்குகிறது.

பல்கலைக்கழகத்தில் பிரீனா என்று ஓர் இளம் பேராசிரியை. தேனீ ஆராய்ச்சி. மத்திய அரசு அவளுக்குப் பெரிய மானியம் ஒன்று கொடுத்திருந்தது. மலையோரத் தோட்டங்களில் நூற்றுக்கணக்கான பெட்டிகள் வைத்து, ரப்பர் துளிர்க்கிற பருவத்தில் தேனீக்கள் என்ன செய்கின்றன என்று பார்க்கவேண்டும். மாசி பிறப்பதற்குள் பெட்டிகள் தோட்டத்துக்குப் போய்விட வேண்டும். துளிர் முற்றிவிட்டால் தேனும் போச்சு, பங்குனியில் நிதியாண்டு முடிந்தால் பணமும் போச்சு. செலவழிக்காத பணம் வந்த வழியே டெல்லிக்குத் திரும்பிவிடும்.

பிரீனா நேராக ஷைஜாவிடம் வந்து நின்றாள்.

"ஷைஜாக்கா, நம்ம குலசேகரம் டைட்டஸ் அண்ணனுக்க கடையில பெட்டி நல்லா செய்வாங்க. ஒரு போன் போட்டா ஏத்தி அனுப்பிருவாரு. இந்தப் போர்ட்டல், கமிட்டி எல்லாம் எதுக்கு?"

"இது ஒனக்க பைசாவா மக்கா?"

"இல்ல."

"எனக்க பைசாவா?"

"இல்லக்கா. சென்ட்ரல் கவர்மென்ட் பைசா."

"டெல்லியில இருந்து வருதுன்னு சொல்லி அது டெல்லிக்காரனுக்க பைசாவும் இல்ல கேட்டியா. பீடிக்கு தீப்பெட்டி வாங்குகவன், பிள்ளைக்கு பிஸ்கட் வாங்குகவ, அவ்வளவு பேரும் வரியாட்டு குடுத்த பைசா. அவங்க ஒருத்தரும் இந்த ஆபீசுல வந்து நின்னு வெலை பேச முடியாது. அவங்களுக்காக வெலை பேசத்தான் எனக்கு சம்பளம். நீ போய் பெட்டிக்க அளவ எழுதிக்கிட்டு வா."

பிரீனா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். ஆனால் அளவை எழுதிக்கொண்டுதான் வந்தாள். இவ்வளவு பெரிய தொகை என்றால் அரசின் இணையத் தளத்தில் ஏலம் விட்டுத்தான் வாங்கவேண்டும். அது சாதாரண ஏலம் இல்லை, இறங்கு ஏலம். விற்கிறவர்கள் தங்கள் தங்கள் கடையில் இருந்துகொண்டே, குறித்த நேரத்துக்குள் ஒருவர் சொன்ன விலையைவிடக் குறைத்துக் குறைத்துச் சொல்லிக்கொண்டே வரவேண்டும். யார் சொல்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. திரையில் விலை மட்டும் இறங்கும். கடைசியில் யார் விலை குறைவோ அவருக்கு ஆர்டர்.

இந்தத் தளத்தில் ஷைஜாவுக்குத் தீராத வயிற்றெரிச்சல் ஒன்று இருந்தது. தேனுக்குப் பேர் போன மாவட்டம் இது. ஆனால் தேனீப் பெட்டி வாங்கினால்கூட லாரி எங்கோ வடக்கில் இருந்து வரும். உள்ளூர்க்காரர்களுக்குப் போர்ட்டலில் நுழையத் தெரியாது. அதனால் அவள் முந்தின வருஷம் பெரிய சண்டை போட்டு, சிறு கடைக்காரர்களுக்கு ஒரு வகுப்பு நடத்த அனுமதி வாங்கினாள். நிதி அதிகாரி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

"உள்ளூர்க்காரன் ஒருத்தன் ஆர்டரை எடுத்துட்டு பாதியில விட்டான்னா, இந்த வகுப்புக்கு அதுதான் கடைசி நாள் மேடம்."

அந்த வகுப்புக்கு வந்தவர்களில் டைட்டசும் உண்டு, மத்தியாசும் உண்டு. ஒருவர் முன் வரிசையில் இந்த ஓரம், மற்றவர் பின் வரிசையில் அந்த ஓரம். நடுவில் அத்தனை நாற்காலி காலியாகக் கிடந்தும் இருவரும் பக்கத்தில் வரவில்லை. வரமாட்டார்கள். ஊர் முழுக்கத் தெரிந்த கதை அது.

இருவரும் சகலைகள். அக்கா ராஜபாயைக் கட்டியவர் டைட்டஸ், தங்கை லீலாபாயைக் கட்டியவர் மத்தியாஸ். இருவருக்கும் மரவேலைதான் தொழில். குலசேகரத்தில் ஒரே ரோட்டின் இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாகக் கடைகள். டைட்டசிடம் மரம் உண்டு. ராஜபாய்க்கு வந்த தோட்டத்தில் பழைய ரப்பரை வெட்டி, அறுத்து, மருந்தில் முக்கி, பலகையாக அடுக்கி வைத்திருந்தார். மத்தியாசிடம் மெஷின் உண்டு. மஸ்கட்டில் வெயிலில் காய்ந்த காசில் வாங்கிய பெரிய மெஷின். பலகையை நீட்டினால் அளவு பிசகாமல் சீவி, பள்ளமும் போட்டுத் தந்துவிடும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வரை, மத்தியாஸ் மஸ்கட்டில் இருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் இருவரும் ஒரே கிளாசில் சாயா குடிக்காத குறைதான். அதைக் கெடுத்தது அவர்கள் சபையின் அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் முதலானதைக் கோயிலுக்குக் கொண்டு வந்து வைத்து, ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். கர்த்தருக்குப் போகிற காசு என்பதால் ஒருவரும் கணக்குப் பார்க்கமாட்டார்கள். ஒரு பூசணிக்காய்க்கு மூட்டை அரிசி விலை கேட்கும். டைட்டஸ் அந்த முற்றத்தின் ராஜா. சூடு ஏறிவிட்டால் மனுஷனுக்குக் கண் தெரியாது. எதிராளி ஒரு படி ஏற்றினால் இவர் மூன்று படி ஒரே குதியாகக் குதிப்பார். ஒரு வருஷம் தானே கொண்டு வந்து வைத்த சேவலைத் தானே கன்றுக்குட்டி விலைக்கு ஏலம் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போனார். ராஜபாய் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

அந்த வருஷம், மஸ்கட்டில் இருந்து வந்திறங்கிய மத்தியாஸ், டைட்டஸ் வழக்கமாக எடுக்கும் மட்டி வாழைக் குலையை எதிர்த்துக் கேட்டு எடுத்துவிட்டார். டைட்டஸ் சபை முழுக்கக் கேட்கும்படி, "கல்ஃப் காசு கூவுது பிள்ளைகளே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மத்தியாஸ் சிரிக்கவில்லை. குலையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் அதற்குப் பிறகு சகலையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இவர்கள் இருவரும் பேசாவிட்டாலும் பெண்டாட்டிமார் இரண்டு பேரும் துணி காயப்போடும் சாக்கில் தினம் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அது ஆண்களுக்குத் தெரியாது என்பது அந்தப் பெண்களின் நினைப்பு.

ஏலத் தேதி அறிவித்த நாளில் இருந்து ஷைஜாவுக்குக் குடியிருக்கிற ஊரில் நடமாடுவதே பெரும்பாடாகிவிட்டது. அவளும் அதே சபைதான். ஏலம் முடிகிறவரை விற்பவர்களோடு தனியாகப் பேசக்கூடாது என்பது விதி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து டைட்டஸ் கும்பிட்டபடி, "ஸ்தோத்திரம் மக்கா" என்று வந்தால், இவள் "ஸ்தோத்திரம் அண்ணா" என்பதைச் சொல்லிமுடிக்கும்போது வாசலைத் தாண்டியிருப்பாள். மறுபக்கம் மத்தியாஸ் நிற்பார். அவருக்கும் ஒரு ஸ்தோத்திரம், ஓட்டம். ஸ்டெனி பைக்கில் உட்கார்ந்து இந்த ஓட்டத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பான்.

ஏலத்தன்று ஷைஜாவும் பிரீனாவும் அலுவலகத்தில் திரை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் விலை நல்லபடியாக, மெதுவாக இறங்கியது. மூன்று பேர் போட்டி போடுவது தெரிந்தது. பெயர் தெரியாது. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது ஆள் நின்றுவிட்டார். மற்ற இருவரும் நிற்கவில்லை.

"அக்கா, இன்னும் எறங்குது! எனக்கு மிச்சத் தொகையில தேன் எடுக்குத மெஷினும் வாங்கலாம்!" பிரீனா நாற்காலியில் குதித்தாள்.

ஷைஜா குதிக்கவில்லை. ஓர் ஆள் ஒரு படி இறக்குகிறார். உடனே மற்றவர் மூன்று படி ஒரே குதியாகக் குதிக்கிறார். மறுபடி ஒரு படி. மறுபடி ஒரு குதி. அந்தக் குதிப்பை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். எங்கேயோ என்ன எங்கேயோ! கோயில் முற்றத்தில் வருஷா வருஷம் பார்க்கிறாள்.

"அய்யோ, கர்த்தாவே" என்றாள் ஷைஜா.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல மக்கா."

அங்கே ஏறினால் கர்த்தருக்குப் போகும். இங்கே இறங்கினால் குடும்பம் போகும். இது அந்த மனுஷனுக்குத் தெரியாதா? தெரியும். வகுப்பில் அவள்தானே சொல்லிக் கொடுத்தாள். ஆனால் சூடு ஏறிவிட்டதே! மேஜை மேல் இருந்த போன் அதிர ஆரம்பித்தது. ராஜபாய். நின்று, மறுபடி அதிர்ந்தது. மறுபடியும் ராஜபாய். எடுத்து, "அக்கா, அந்தாளுக்க கையில இருந்து மவுசப் பிடுங்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லக்கூடாது. ஷைஜா இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். பிரீனா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். விலை இறங்கிக்கொண்டே இருந்தது. ஏலம் நின்றபோது, பெட்டிக்குக் கிடைத்த விலையில் பலகை வாங்கினால் ஆணி வாங்கக் காசு மிஞ்சாது என்ற நிலை.

அதற்குப் பிறகு திரையில் பெயர்கள் வந்தன. முதலில் டைட்டஸ். இரண்டாவது மத்தியாஸ்.

ஷைஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள். மூன்றாவதாக இருந்த வடக்கு ஊர்க் கம்பெனி பாதியிலேயே பயந்து ஓடியிருந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, சகலைகள் இருவரும் ஒருவரை ஒருவர் பாதாளம் வரை இழுத்திருக்கிறார்கள்.

மறுநாள் நிதி அதிகாரி கூப்பிட்டார். "ரெண்டு பேரும் சொந்தக்காரங்களாமே. கூட்டு சேர்ந்து செஞ்ச வேலையா?"

"சார், கூட்டு சேர்ந்தவங்க வெலைய ஏத்துவாங்க. இவங்க ஒருத்தர ஒருத்தர் கொன்னு போட்டிருக்காங்க. ஆறு வருஷமா பேச்சுகூட கெடையாது."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கோப்பை மூடவில்லை. "இந்த விலைக்கு அந்த ஆள் கொடுக்க முடியாது. ஒத்துக்கிட்டு கொடுக்கலன்னா டெபாசிட் போகும், தடைப் பட்டியல்ல பேர் ஏறும், இனிமே எந்த அரசு ஆபீசுக்கும் ஒரு ஸ்டூல்கூட விக்க முடியாது. உங்க வகுப்பும் அதோட சரி."

"விதியில ஒரு வழி இருக்கு சார். வெலை அளவுக்கு மீறி கொறைஞ்சா, எப்படிக் கட்டும்னு அவர்ட்ட எழுத்துல விளக்கம் கேக்கலாம். விளக்கம் சரியில்லன்னா நாமளே தள்ளிரலாம். அவருக்கு தண்டனை வராது."

"கேளுங்க" என்றார் அவர்.

ஷைஜா கேட்டாள். இரண்டாம் நாள் டைட்டஸ் அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கோயிலுக்குப் போடுகிற சட்டை. பின்னாலேயே ராஜபாய், அழுது வீங்கிய கண்ணோடு. டைட்டஸ் முகத்தில் மட்டும் அப்படி ஒரு பெருமை.

"வடக்கத்தியான ஓட்டியாச்சு பாத்தியா மக்கா! விட்டேனா? கடைசி வரை நின்னான், சும்மா சொல்லப்பிடாது. ஆனா நான் டைட்டஸாக்கும்."

"அண்ணா, பெட்டிய இந்த வெலைக்குச் செய்ய முடியுமா?"

பெருமை கொஞ்சம் மங்கியது. "முடியாது. ராத்திரி கணக்குப் போட்டுப் பாத்தேன். ஆனா கேட்ட ஏலத்த இல்லன்னு சொல்ல மாட்டேன். ஏலத்துல சொன்ன வாக்காக்கும் அது. பசுவ வித்தாவது குடுப்பேன்."

"பசு எனக்க பசு" என்றாள் ராஜபாய். "வித்தா என்னையும் சேத்து வித்திரும்."

"அண்ணா, வாக்க மாத்த வேண்டாம். கட்டாதுன்னு உண்மைய எழுதிக் குடுத்தா நாங்களே தள்ளிருவோம். உங்களுக்கு ஒரு கேடும் வராது."

"தள்ளினா? உள்ளூர்க்காரன் ஏலம் எடுத்துட்டு ஓடினான்னு பேரு வருமா, வராதா?"

ஷைஜாவுக்குத் தெரியும், வரும். அந்தப் பேர் அவள் வகுப்பு மேலும் வந்து விழும். ஆனால் அதற்காக ஒரு மனுஷனைத் தொலையவிட முடியுமா?

ஏல முடிவு போர்ட்டலில் வெளியாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதனால் அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "அண்ணா, நீங்க ஜெயிச்சத மட்டும்தான் பாத்திருக்கிய. கடைசி வரை நின்ன ஆள் யாருன்னு வாசிச்சுப் பாருங்க."

டைட்டஸ் வாசித்தார். உதடு மட்டும் அசைந்தது. ராஜபாய் எட்டிப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். டைட்டஸ் விரலை வைத்து அந்தப் பெயரை இன்னொரு முறை வாசித்தார். பிறகு வயிறு குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று ஷைஜாவுக்குப் பிடிபடவில்லை.

"சொல்லப்பிடாது" என்றார் கடைசியில், கண்ணைத் துடைத்தபடி. "நல்லா நின்னான் அந்தப் பய."

இந்த இடத்தில் ஷைஜாவுக்கு நாக்கு அரித்த அரிப்பு அவளுக்குத்தான் தெரியும். உங்களிடம் மரம் இருக்கிறது, அவரிடம் மெஷின் இருக்கிறது, ரோட்டைத் தாண்டினால் கணக்குக் கட்டும் என்று கத்தவேண்டும் போல இருந்தது. ஆனால் விற்பவனுக்கு வழி சொல்லிக் கொடுப்பது வாங்குகிற ஆபீசரின் வேலை இல்லை. அவள் கேள்விதான் கேட்கலாம். அதனால் விளக்கக் கடிதத்தை அவர் முன்னால் வைத்து, கேட்கவேண்டியதை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"பலகை எங்க இருந்து?"

"எனக்க சொந்தம். அடுக்கிக் கெடக்கு."

"சீவ, பள்ளம் போட மெஷின் எங்க இருந்து?"

டைட்டஸ் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார்.

"மெஷின் எங்க இருந்துண்ணா?" ஷைஜா மறுபடி கேட்டாள். குரலில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் கண் தானாக ராஜபாய் பக்கம் போயிற்று, அதற்கு எந்த விதியிலும் தடை இல்லை.

ராஜபாய் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். "இதுக்கு நாளைக்குப் பதில் எழுதித் தரலாமா மக்கா?"

"தரலாம் அக்கா."

"எழும்பும்" என்றாள் ராஜபாய் புருஷனைப் பார்த்து. "எழும்பும்னு சொன்னேன்."

அன்று சாயங்காலம் ஷைஜா வந்த பஸ் குலசேகரத்துக்குள் நுழையும்போது திடீரென்று பிரேக் போட்டு நின்றது. நடுரோட்டில் ராஜபாய், புருஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள். டைட்டஸ் பாதி ரோட்டில் நின்று அடம் பிடிக்கிறார். டிரைவர் ஹாரனை அழுத்திய அழுத்தில் ரோட்டின் இரண்டு பக்கமும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மத்தியாசும் கடையில் இருந்து வெளியே வந்தார், உடம்பெல்லாம் மரத்தூள். அவர் முதுகுக்குப் பின்னால் லீலாபாய், அக்காவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அக்காவும் தங்கையும் போனில் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள் என்பது ஷைஜாவுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

ஷைஜா ஜன்னல் ஓரம் இருந்தாள். நான் இதைப் பார்க்கக்கூடாது என்று தலையைக் குனிந்தாள். ஆனால் காதை என்ன செய்வது?

"ஏலே மத்தியாசே" என்றார் டைட்டஸ். ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. "அது நீயாலே?"

"நீங்களா அண்ணா?" என்றார் மத்தியாஸ். "நான் குஜராத்துக்காரன்னுல்லா நெனச்சேன்!"

"நான் பம்பாய்க்காரன்னு நெனச்சேன். விட்டுக் குடுத்தா நம்ம ஊருக்க மானம் போவும்னு குதிச்சேன் மக்கா."

"நானும் அதுக்குத்தான் விடல்ல!"

இருவரும் நடுரோட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் மத்தியாஸ்தான் சிரித்தார். பிறகு டைட்டஸ். அந்தச் சிரிப்பு பஸ்ஸுக்குள் ஏறி வந்தது. என்ன விஷயம் என்றே தெரியாமல் கண்டக்டர் சிரித்தார், முன் சீட்டில் முட்டைக் கூடையோடு இருந்தவர் சிரித்தார். டிரைவர் மட்டும், "மாமனும் மச்சானும் ஓரமா நின்னு கொஞ்சுங்க ஓய்" என்றார். குனிந்த தலையை ஷைஜா நிமிர்த்தவே இல்லை. கண்ணில் இருந்து வழிந்தது மடியில் இருந்த பையில் விழுந்தது.

மறுநாள் விளக்கம் வந்தது. பலகை சொந்தம். மெஷின், எதிர்க் கடை மத்தியாசிடம் வாடகைக்கு, அவர் கையெழுத்தோடு. ஆள், இரண்டு குடும்பமும். நிதி அதிகாரி ஒவ்வொரு வரியையும் பேனாவால் தட்டித் தட்டி வாசித்தார். கணக்குக் கட்டியது. பெரிய லாபம் இல்லை, நஷ்டமும் இல்லை. கொள்முதல் கமிட்டி கூடி, ஆர்டர் போட்டது.

மெஷின் ஓய்வில்லாமல் ஓடியது. சீவிய பலகையை ரோட்டைத் தாண்டிக் கொண்டு போய் டைட்டஸ் கடையில் பெட்டியாகக் கூட்டினார்கள். ராஜபாயும் லீலாபாயும் பெயிண்ட் அடித்தார்கள், இப்போது துணி காயப்போடும் சாக்கு தேவைப்படவில்லை. எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் ஷைஜா சோதனைக்குப் போன அன்று மெஷினையே நிறுத்தவேண்டி வந்தது. அவள் அளவுகோலை எடுத்து, தேனடை தொங்குகிற சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் உள்ள இடைவெளியைப் பெட்டி பெட்டியாகப் பார்த்து, ஓர் அடுக்கையே தனியாகத் தள்ளி வைத்தாள்.

"ஒரு நூல் வித்தியாசத்துக்கா?" மத்தியாசுக்கு முகம் சிவந்துவிட்டது.

"தேனீக்கு அந்த ஒரு நூல் போதும் அண்ணா, இடுக்குல வேற அடை கெட்டிரும். சட்டத்த எடுக்கவே முடியாது. மாத்தித் தாங்க."

"சபைக்காரின்னு நெனச்சோம்" என்று மத்தியாஸ் முணுமுணுத்தார்.

"ஏலே, அவ சொல்லுகது சரியாக்கும்" என்றார் டைட்டஸ். "நாம அன்னைக்கு சிரிச்சுக்கிட்டே அடிச்ச அடுக்கு அது. நான் அப்பளே நெனச்சேன். பிரி, பிரி."

பிரித்தார்கள், மாற்றி அடித்தார்கள். பெட்டிகள் சொன்ன நாளில் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ரப்பர் இளம் சிவப்பாகத் துளிர்த்தபோது பிரீனா தலையில் வலையோடு அங்கே ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு தேனீ அவள் காதில் கொட்டியது. அதற்கும் அவள் சந்தோஷப்பட்டாள்! நிதியாண்டு முடிவதற்குள் பில் பாசாகி, கடைக்குப் பணம் போயிற்று. நிதி அதிகாரி செலவுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அடுத்த வகுப்பு எப்ப மேடம்?" என்று கேட்டார். ஷைஜா அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் சாளை வாங்கினாள். ஒரே ஆளிடம் கேட்டு அங்கேயே வாங்கிவிட்டாள். மீன்காரி பயந்துபோய், "ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?" என்று விசாரித்தாள்.

அடுத்த வகுப்புக்கு அறை கொள்ளாத கூட்டம். கருங்கலில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். வெயில் காலம் முடிகிறபோது பிரீனாவின் ஆராய்ச்சிக்கு இரண்டாம் தவணை மானியமும் வந்தது. இன்னும் பெட்டி வேண்டும். மறுபடியும் ஏலம்.

ஏலம் அறிவிப்பதற்கு முன்னால், போட்டிக்கு வர நினைக்கிறவர்களை எல்லாம் அலுவலகத்துக்கு அழைத்து நிபந்தனைகளை விளக்கவேண்டும். டைட்டசும் மத்தியாசும் ஒரே பைக்கில் வந்தார்கள். அறையில் ஒட்டி உட்கார்ந்து, ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தை மாற்றி மாற்றிக் கொறித்துக்கொண்டிருந்தார்கள். ஷைஜா நிபந்தனைத் தாளைப் புரட்டியபடி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இருவரும் ஆறு வருஷத்துக்குப் பிறகு பேச ஆரம்பித்தது அவள் ஒரு கேள்வி கேட்டதால். இப்போது அவளே அதற்குக் குறுக்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். சொல்லாமல் விட்டாலும் குற்றம்.

மற்ற நிபந்தனைகளை வாசித்து முடித்த பிறகு, எல்லார் முன்னிலையிலும் அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, ரெண்டு பேரும் தனித்தனியா ஏலத்துக்கு வருகதா இருந்தா, முடியது வரைக்கும் வெலையப் பத்தி ஒங்களுக்குள்ள ஒரு வார்த்தை பேசப்பிடாது. பலகை வெலை, கூலி, ஒண்ணும். பேசல்லன்னு எழுதி ஒப்பும் போடணும். மாறினா அது கூட்டு சேர்ந்த குத்தமாயிரும்."

பொட்டலத்துக்குள் போன டைட்டசின் கை அங்கேயே நின்றது.

"வெலையப் பத்தி மட்டும்தானே மக்கா?"

"வெலையப் பத்தி மட்டும்தான்."

"காலத்த சாயா குடிக்கும்போ தொடங்கி நாங்க வேற என்னத்த பேசுகோம்?" என்றார் மத்தியாஸ். "பலகை என்ன வெலை, ஆணி என்ன வெலை, அதுதானே பேச்சு. அத விட்டா சும்மா மொகத்தப் பாத்துக்கிட்டுல்லா இருக்கணும்."

"கொஞ்ச நாள்தானே அண்ணா" என்றாள் ஷைஜா. அவளுக்கே தன் குரல் பிடிக்கவில்லை. "ஏலம் முடிஞ்சா பேசலாமே."

டைட்டஸ் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மத்தியாஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். முடிந்தது, மறுபடியும் ஆளுக்கொரு ஓரம் போய்விடுவார்கள் என்று ஷைஜா பயந்துபோனாள்.

"மக்கா" என்றார் டைட்டஸ். "ரெண்டு பேரு தனித்தனியா வந்தாத்தானே பேசப்பிடாது?"

"ஆமா."

"ரெண்டு பேரும் சேந்து ஒத்தை கடையாட்டு வந்தா?"

"அப்படி வந்தா தாராளமா பேசலாம். பங்குக் கடையா பதிவு பண்ணி, ஒரே பேர்ல வரணும். அதுக்கு விதியில எடம் உண்டு. போட்டிக்கு இப்பம் வேற ஆளும் நெறைய உண்டு."

டைட்டஸ் சகலையைப் பார்த்தார். மத்தியாஸ் எதுவும் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்போ அந்த ஃபாரத்த எடு மக்கா" என்றார் டைட்டஸ். "ஆறு வருஷம் இவன்ட்ட பேசாம இருந்து பாத்தாச்சு. இனி ஒரு மணிக்கூருகூட நம்மளால ஏலாது."

ஷைஜா எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். எது எந்தத் தட்டில் இருக்கும் என்று தூக்கத்தில்கூடச் சொல்லுகிறவள்தான். அன்றைக்கு அந்த ஃபாரத்தைத் தேடி எடுக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று, கண்ணீர் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது.